பிடித்துவிட்டு விடுவது

எங்கள் வீட்டில் தூண்டில் தம்பிகளுக்கு, அருவாமனை எனக்கு. அமராவதி அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் பள்ளிக்கூடம் விட்டதும் இருவரும் மூங்கில் கழியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மண்புழு தோண்டுவதிலிருந்து தக்கை கட்டுவதுவரை அவர்களுக்குத் தெரியாத வேலை இல்லை. இருட்டும் நேரத்தில் கெண்டையும் கெளுத்தியும் குரவையும் ஒரு தூக்குப்போசியில் வந்து சேரும். அதன்பிறகு என் முறை. சாம்பலைத் தொட்டுக்கொண்டு, வழுக்குகிற உடம்பை இறுக்கிப் பிடித்து, செதிலைச் சீவி, பித்தப்பை உடையாமல் குடலை எடுக்க வேண்டும். உடைந்தால் குழம்பு முழுக்கக் கசக்கும். கெளுத்தி முள் குத்தினால் இரவெல்லாம் கடுக்கும். மீன் பிடிப்பது விளையாட்டு, மீன் கழுவுவது வேலை என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. வீடு அப்படித்தான் பிரிந்திருந்தது.

பிடித்த மீனைத் திரும்ப விடலாம் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. விரல் நீளக் கெண்டைக்கும் சட்டியில் இடம் இருந்தது. அதற்கும் ஆகாத பொடிசுகள் பூனைக்குப் போயின. பிடிப்பதற்கும் தின்பதற்கும் நடுவே ஒரு கேள்வி நுழையலாம் என்பதை நாற்பது வயதுக்குமேல் ஒரு மாணவியிடமிருந்துதான் நான் தெரிந்துகொண்டேன்.

என்னிடம் முதுகலை படித்தவள் அவள். ஆய்வுக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். பெங்களூருக்கு வேலைக்குப் போனாள். சனி, ஞாயிறுகளில் தூண்டில் போடப் போகிறாள் என்பது அவள் அனுப்பிய படங்களைப் பார்த்துத்தான் தெரிந்தது. நகரத்துக்கு வெளியே கட்டணம் கட்டித் தூண்டில் போடும் ஏரிகள் இருக்கின்றன. இரண்டு கைகளிலும் ஒரு பெரிய ரோகுவை ஏந்திக்கொண்டு சிரிக்கிறாள். அடுத்தது ஒரு சிறு காணொளி. தண்ணீருக்குள் கையைத் தாழ்த்துகிறாள், மீன் ஒரு கணம் அசையாமல் இருந்துவிட்டு வாலை அடித்து மறைகிறது. கீழே எழுதியிருந்தாள்: “இதுவரைக்கும் ஒரு மீனைக்கூடக் கொன்னதில்லம்மா. எல்லாத்தையும் விட்டுடுவேன்.”

அந்தப் படத்தைப் பார்த்து முதலில் எனக்கு வந்தது மகிழ்ச்சிதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆற்றங்கரைக்கும் குளக்கரைக்கும் நம் பெண்கள் போகாதவர்கள் அல்லர். துவைக்கப் போகிறார்கள், குடத்தோடு போகிறார்கள், ஆடிப்பெருக்குக்குச் சித்திரான்னம் கட்டிக்கொண்டு போகிறார்கள். செத்தவர்களுக்குத் தலைமுழுகப் போகிறார்கள். ஒரு வேலையும் இல்லாமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. போனால் ‘யாரைப் பார்க்க வந்தாய்’ என்று கேட்பார்கள், அல்லது குதிக்க வந்தவள் என்று நினைப்பார்கள். ஓய்வு என்பது நேரம் மட்டுமல்ல. அந்த நேரத்தில் உட்கார ஓர் இடமும், அங்கே உட்கார்ந்திருப்பதற்கு யாரும் காரணம் கேட்காத உரிமையும் சேர்ந்ததுதான் ஓய்வு. என் மாணவிக்கு அது கிடைத்திருக்கிறது.

ஆனால் ‘கொன்னதில்ல’ என்ற அந்தச் சொல் என்னை விடவில்லை.

*

தூண்டிலோடு ஒரு பெண் என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவள் அகநானூற்றின் 216ஆம் பாடலில் வருகிற பாண்மகள். ஐயூர் முடவனார் பாடியது. மெல்லிய கோலும் கயிறுமாகக் கரையில் நின்று அவள் ஒரு வராலைப் பிடிக்கிறாள். கள்ளைக் குடித்துவிட்டுக் கிடக்கும் தந்தைக்கு வஞ்சி விறகில் அதைச் சுட்டு ஊட்டுகிறாள். பாட்டின் தலைவி அவள் அல்லள். தலைவனின் ஊர் எப்படிப்பட்டது என்று சொல்வதற்காகச் சில அடிகளில் வந்துபோகிறவள். வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தும்போதெல்லாம் மாணவிகள் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: “அவ சாப்பிட்டாளாம்மா?” பாட்டில் அதற்குப் பதில் இல்லை. பிடித்தவளும் சமைத்தவளும் அவள், உண்டவன் அப்பன். நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய தூண்டில்காரிகளில் ஒருத்தியின் கதை இது. விடுவதா வைத்துக்கொள்வதா என்ற கேள்வி அவளிடம் போகவே முடியாது. அவளுக்கு அந்த மீன் அன்றைய வேளைச் சோறு.

பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுவதைப் பற்றி ஆங்கிலத்தில் அச்சான முதல் நூல் 1496இல் வெளிவந்தது. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னிமடத் தலைவி எழுதியது என்று நெடுங்காலம் நம்பினார்கள். இன்றைய ஆய்வாளர்கள் பலர் அதை ஐயுறுகிறார்கள். யார் எழுதியிருந்தாலும், பேராசைப்பட்டு ஒரே சமயத்தில் அளவுக்கு மீறிப் பிடிக்காதே என்ற எச்சரிக்கை அந்த நூலிலேயே இருக்கிறது. பிடித்ததைத் திரும்ப விடு என்ற பேச்சு இல்லை. அளவோடு எடு என்பதுதான் பழைய அறம்.

1922 அக்டோபர் 7 அன்று ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் ஜார்ஜினா பேலன்டைன் என்ற பெண் 64 பவுண்டு, ஏறத்தாழ 29 கிலோ எடையுள்ள சால்மன் மீனைத் தூண்டிலில் பிடித்தார். தந்தை படகில் உடனிருந்தார். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் மீனோடு போராட வேண்டியிருந்தது. பிரிட்டனில் தூண்டிலில் சிக்கிய சால்மன்களில் இன்றுவரை அதுதான் பெரியது. மீனைப் பெர்த் நகர மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார்கள். நோயாளிகளும் ஊழியர்களும் சாப்பிட்டார்கள். நூறு ஆண்டுக்கு முன் அது ஊர் போற்றிய செயல். இன்று அதே ஸ்காட்லாந்தில் ஏப்ரல் 1க்கு முன் பிடிபடும் ஒவ்வொரு சால்மனையும் ஆற்றிலேயே விட்டாக வேண்டும் என்பது சட்டம். ஜார்ஜினா செய்ததை இன்று ஒருவர் செய்தால் ஊர் காறித் துப்பும். மீன் மாறவில்லை, மனிதரின் நெஞ்சமும் பெரிதாக மாறிவிடவில்லை. ஆற்றில் மீன் குறைந்துவிட்டது.

*

நம் பக்கத்தில் இந்தக் கதை காவிரியில் நடந்தது. கெண்டைக் குடும்பத்தின் பெரிய மீனான மகாசீருக்காக வெள்ளைக்கார அதிகாரிகள் காட்டுக்குள் கூடாரமடித்துத் தங்கினார்கள். ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற சென்னை மாகாண அதிகாரி 1873இல் இந்தியத் தூண்டிலைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1946இல் கபினி ஆற்றில் வான் இங்கன் பிடித்த மகாசீரின் எடை 120 பவுண்டு. விலங்குகளைப் பாடம்பண்ணிக் கொடுப்பதில் பேர்போன மைசூர்க் குடும்பம் அவருடையது. புலி, சிறுத்தையைப் போல மீனும் சுவரில் மாட்டுகிற வெற்றியாக இருந்த காலம் அது.

1970களுக்குப் பிறகு ஆற்றில் வெடி வைத்துப் பிடிப்பது பெருகி மீன் அருகிப்போனது. அதன்பிறகுதான் பிடித்து விடுதல் என்ற முறை இங்கே வந்தது. பீமேஸ்வரி, தொட்டமக்காலி, காலிபோர் என்று கர்நாடகக் காவிரிக் கரையில் முகாம்கள் அமைந்தன. பணம் கட்டி வந்தவர்கள் பிடித்தார்கள், எடை போட்டார்கள், படம் எடுத்தார்கள், விட்டார்கள். முன்பு வெடி வைத்தவர்களில் சிலரே முகாமில் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆனார்கள். தூண்டிலில் கோத்த இரை, வேகவைத்துப் பிசைந்த ராகி உருண்டை. எங்கள் பாட்டி காலத்தில் பிள்ளைகளுக்கே பற்றாத களி அது.

இந்த முறையைக் கிண்டல் செய்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஒரு காரணம் இருக்கிறது. காலிபோர் முகாமில் தூண்டில்காரர்கள் ஒவ்வொரு மீனையும் பதிவேட்டில் எழுதிவைத்தார்கள். 1998 முதல் 2012 வரையிலான அந்தப் பதிவுகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மகாசீர்கள் இருக்கின்றன. பின்னால் அதை ஆராய்ந்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியவந்தது. ஆற்றில் மகாசீர் பெருகியிருந்தது; ஆனால் பெருகியது வேறு மகாசீர். நல்லது செய்வதாக நினைத்து வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மகாசீர் ஆற்றை நிறைத்திருந்தது. காவிரிக்கே உரிய, முதுகில் திமில் உள்ள மகாசீர் அனேகமாக இல்லாமலே போயிருந்தது. விட்டவர்கள் எழுதிவைக்காமல் இருந்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. காட்டுயிர்ச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் மீன்பிடிப்பதும் வேட்டை என்று கொள்ளப்பட்டு 2012இல் அந்தக் கரைகளில் தூண்டில் நின்றது. அத்தோடு பதிவேடும் நின்றது.

அந்தத் திமில் மகாசீருக்கு நூறாண்டுக்கு மேலாக உறுதியான அறிவியல் பெயர்கூட இல்லை. எல்லாருக்கும் அது வெற்றிப் பொருள். எந்த இனம் என்று பார்க்கும் பொறுமை யாருக்கும் இருக்கவில்லை. கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்த குஞ்சுகளை வைத்துப் பெயரிடப்பட்ட ஓர் இனமும் இதுவும் ஒன்றே என்று 2018இல்தான் நிறுவினார்கள். பாம்பாறு எங்கள் அமராவதியில் வந்து சேருகிற ஆறு. அந்த இனத்தின் பெயர் டார் ரேமாதேவி. இந்திய விலங்கியல் அளவைத் துறையின் சென்னை அலுவலகத்தில் பணியாற்றிய மீனியல் அறிஞர் ரேமா தேவியின் பெயர் அது. ஆண்கள் தோளில் தூக்கிப் படம் எடுத்துக்கொண்ட காவிரியின் மிகப் பெரிய மீன், மேசைக்கு முன் உட்கார்ந்து துடுப்பின் கதிர்களை எண்ணிப் பார்த்த ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அதே 2018இல் அது அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் உலகப் பட்டியலிலும் சேர்ந்தது. எஞ்சியவை இன்று இருக்கும் இடங்களில் நம் மோயாறு ஒன்று.

*

விட்டால் மீன் பிழைக்குமா? பெரும்பாலும் பிழைக்கும், எல்லாம் அல்ல. தூண்டிலில் பிடித்து விட்ட மீன்களைப் பற்றிய இருநூற்றுக்கும் மேற்பட்ட கணக்கீடுகளைத் தொகுத்து 2005இல் வந்த ஒரு கட்டுரை, சராசரியாக 18 விழுக்காடு இறக்கின்றன என்றது. இனத்துக்கு இனம், முள் இறங்கிய ஆழத்துக்கு ஆழம், தண்ணீரின் சூட்டுக்கு ஏற்ப இது மிகவும் மாறும். கனடாவில் 1992இல் நடந்த ஓர் ஆய்வு இன்னும் நேராகப் பேசுகிறது. டிரவுட் மீன்களைத் துரத்திக் களைக்கவைத்து, பிறகு தண்ணீருக்கு வெளியே எடுத்தார்கள். வெளியே எடுக்காதவற்றில் 12 விழுக்காடு அரை நாளுக்குள் இறந்தன. 30 விநாடி வெளியே இருந்தவற்றில் 38 விழுக்காடு. 60 விநாடி இருந்தவற்றில் 72 விழுக்காடு. அது ஆய்வகம், டிரவுட் குளிர்நீர் மீன், எல்லா மீனுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஆனாலும் ஒரு நல்ல படம் எடுக்க எத்தனை விநாடி ஆகும் என்று நாம் எல்லாருக்கும் தெரியும்.

நன்றாக விடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். முள்ளின் உட்பக்கம் எதிர்த்து நிற்கும் சிறு கூரை நசுக்கிவிடுவார்கள். கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொடுவார்கள். உலர்ந்த கை பட்டால் உடம்பின் மேலிருக்கும் வழவழப்பு போய்விடும், நோய் தொற்றும். நான் சாம்பல் தொட்டு உரித்தெடுத்தது மீனின் தோலுக்குமேல் இருந்த இன்னொரு தோலை என்று இதைப் படித்தபோதுதான் தெரிந்தது.

செத்ததா பிழைத்ததா என்பதோடு முடிகிற காரியமும் இல்லை இது. மீனுக்கு வலிக்குமா என்ற கேள்வியை 2003இல் லின் ஸ்னெடன், விக்டோரியா பிரெய்த்வெய்ட் என்ற இரண்டு பெண்களும் மைக்கேல் ஜென்டில் என்பவரும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார்கள். டிரவுட்டின் முகத்திலும் தலையிலும் காயத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் தேனீ நஞ்சோ அமிலமோ செலுத்தியபோது மீன்கள் பக்கவாட்டில் ஆடின, அமிலம் பட்ட உதட்டைச் சரளைக்கல்லில் தேய்த்தன, மற்ற மீன்கள் தின்னத் தொடங்கி நெடுநேரம் ஆனபிறகே இரையைத் தொட்டன. இதை ஒப்பாத அறிவியலாளர்களும் உண்டு. மீனின் மூளையில் நமக்கிருக்கும் மேலுறை இல்லை, ஆகவே அது வெறும் அனிச்சைச் செயல் என்கிறார்கள். எனக்கு மூளையியல் தெரியாது. ஆனால் எதிரில் இருப்பவர் ஒப்புக்கொள்ளும்வரை ஒரு வலி வலியாகக் கணக்கில் வராது என்பது பிரசவ வார்டைப் பார்த்த எந்தப் பெண்ணுக்கும் புதிய செய்தி அல்ல.

ஜெர்மனியில் இந்த வலியைச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொண்டது. அங்கே விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பிரிவே, தக்க காரணமில்லாமல் எந்த விலங்குக்கும் வலியோ துன்பமோ தீங்கோ செய்யக்கூடாது என்கிறது. உண்பது தக்க காரணம். பொழுதுபோக்கு தக்க காரணம் அல்ல. விடுவதற்கென்றே மீன் பிடித்தவர்கள் வழக்கைச் சந்தித்திருக்கிறார்கள். விடும் எண்ணத்தோடு தூண்டில் போடுவதைச் சுவிட்சர்லாந்து 2008ஆம் ஆண்டு விதிகளில் வெளிப்படையாகவே தடுத்தது. ஆக, ஸ்காட்லாந்தில் வசந்தகாலச் சால்மனை வீட்டுக்கு எடுத்துப் போனால் குற்றம். ஜெர்மனியில் தின்னும் எண்ணமே இல்லாமல் மீன் பிடித்தால் குற்றம். முதல் சட்டம் ஆற்றின் எண்ணிக்கையைப் பார்க்கிறது. இரண்டாவது, முள் மாட்டிய ஒற்றை மீனைப் பார்க்கிறது. இரண்டும் மீனின் பக்கம்தான் நிற்கின்றன, இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன. நல்லவராக இருக்க விரும்புகிற ஒரு தூண்டில்காரர் எந்தப் பக்கம் போவார்?

*

நான் தயங்குவது எங்கே என்று சொல்கிறேன். மீனைப் பெண்ணுக்கு உவமையாக்க எனக்கு விருப்பமில்லை. கயல்விழி, கெண்டைவிழி என்று ஆயிரம் ஆண்டுகளாக அந்த வேலையைக் கவிஞர்கள் செய்து முடித்துவிட்டார்கள்; மீனுக்கும் அதனால் நன்மை இல்லை, நமக்கும் இல்லை. மீன் மீனாகவே இருக்கட்டும். ஆனால் ஒரு வாக்கியம் எனக்கு முன்பே தெரிந்த வாக்கியமாக இருந்தது. ‘விட்டுட்டேனே, அப்புறம் என்ன?’

பேருந்தில் கையைப் பிடித்து இழுத்தவன் நடத்துநரிடம் சொன்னது இது. விடுதி வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்திப் பத்து நிமிடம் வழி மறித்தவர்கள், விசாரணையில் சொன்னது இது. ஒன்றும் செய்யவில்லை, சும்மா விளையாட்டுக்கு, விட்டுட்டோமே. நடந்ததை அதன் முடிவை வைத்து மட்டும் அளக்கிற வாக்கியம் அது. உயிர் போகவில்லை, உடம்பில் காயம் இல்லை, வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். அந்தப் பத்து நிமிடம் எந்தக் கணக்கிலும் ஏறாது. பிடித்தவனின் கணக்கில் அது விளையாட்டு நேரம், அதற்குமேல் அவனுடைய பெருந்தன்மையும் சேர்கிறது. விட்டதற்காக நன்றிகூட எதிர்பார்க்கிறான்.

என் மாணவி அப்படிப்பட்டவள் அல்லள். அவளையும் அவர்களையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை. விடுதல் என்ற செயலுக்கு முன்னால் நடந்ததை அழிக்கும் ஆற்றல் கிடையாது என்பதை மட்டும்தான் சொல்கிறேன். விடுதலுக்கு அந்த ஆற்றலைக் கொடுத்துவிட்டால் பிடிப்பதற்குக் கணக்கே இல்லாமல் போகும். வைத்துக்கொள்கிறவருக்கு ஓர் எல்லை உண்டு. சட்டி நிறைந்தால், கூடை நிறைந்தால் அவர் வீட்டுக்குப் போயாக வேண்டும். விடுகிறவருக்கு எந்தக் கூடையும் நிறைவதில்லை. காலையிலிருந்து மாலைவரை முப்பது மீனின் வாயில் முள் ஏற்றி இறக்கிவிட்டு, ஒன்றையும் கொல்லவில்லை என்று அவர் வீடு திரும்பலாம்.

அதற்குச் சமூக மதிப்பும் இருக்கிறது. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்த ஒரு முதிய பெண்ணை, நாற்றம் அடிக்கிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். மீனைக் கொண்டு பிழைக்கிறவளின் கை நாறுகிறது. மீனோடு விளையாடி விடுகிறவரின் கையும் அதே வாசத்தோடுதான் இருக்கும்; ஆனால் அவரை யாரும் எங்கிருந்தும் இறக்கிவிடுவதில்லை. கொல்லாதவர் உயர்ந்தவர், தின்கிறவர் தாழ்ந்தவர் என்ற நம் பழைய படிநிலை, பிடித்து விடுதலின் புதிய உடையிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

*

விடுவதையே அறமாகக் கொண்ட ஒருவர் நம்மிடம் முன்பே இருக்கிறார். நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் வாழ்ந்த பரதவர் அதிபத்தர். வலையில் அகப்படும் மீன்களில் ஒன்றை ஒவ்வொரு நாளும் சிவனுக்கென்று கடலில் விட்டார். நாளுக்கு ஒரு மீன் மட்டுமே கிடைத்த காலத்திலும் அந்த ஒன்றையும் விட்டார். கடைசியில் வந்த பொன்மீனையும் விட்டார், நாயனார் ஆனார். ஆவணியில் நாகையில் இன்றும் அதை விழாவாக எடுக்கிறார்கள். சேக்கிழார் ஒன்றை மறைக்காமல் சொல்கிறார்: அவருடைய சுற்றம் உணவின்றி வாடியது. அந்தச் சுற்றத்தில் யார் யார் இருந்தார்கள், அடுப்பு மூட்டாத வீட்டில் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொன்னார்கள் என்பதைப் பாடல் பேசவில்லை. ஆனாலும் அதிபத்தரின் விடுதலை நான் மதிக்கிறேன். அவர் விட்டது தனக்கு வேண்டியதை. வேண்டாததைப் பிடித்து விட்டுவிட்டு அருள் தேடவில்லை.

காலிபோரைத் தாண்டிய அதே காவிரி, ஒகேனக்கல்லில் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. மேலே பணம் கட்டிப் பிடித்தவர்கள் விட்ட ஆறு. கீழே, மீன் வாங்கிக் கொடுத்தால் கரையில் விறகடுப்பு மூட்டிக் குழம்பு வைத்தும் வறுத்தும் தருகிற பெண்கள் இருக்கிறார்கள். மாணவிகளோடு ஒருமுறை போயிருந்தபோது, எங்களுக்குச் சமைத்துக் கொடுத்த அக்காவிடம் மேலே இருந்த முகாம்களைப் பற்றிச் சொன்னேன். பிடித்துத் திரும்ப விட்டுவிடுவார்களாம் என்றேன். வறுகிற மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டார்: “விடறதுக்கு எதுக்குப் புடிக்கணும்?” கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே விளங்காமல் கேட்டார். பக்கத்தில் நின்ற மாணவிகளும் அவரும் பதிலுக்காக என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த காரணங்களைச் சொன்னேன். “அப்ப காசிருக்கறவங்க வெளையாட்டு,” என்று முடித்துவிட்டார்.

அவரும் முழுச் சரியில்லை, அதையும் சொல்ல வேண்டும். தின்பதால் மட்டும் எல்லாம் நியாயமாகிவிடாது. பெரிய மீனைத் தின்பது பெரும்பாலும் தாயைத் தின்பது. 30 கிலோ எடையுள்ள ஒரு பெண் காட் மீன், 2 கிலோ எடையுள்ள 28 பெண் மீன்களைவிட அதிக முட்டை இடும் என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. சின்னதை விடு, பெரியதை எடு என்ற நம் பழைய நியாயம் அங்கே தலைகீழாகிறது. மோயாற்றில் எஞ்சியிருக்கிற ஒரு திமில் மகாசீரைப் பிடித்து, பசித்தது என்று ஒருவர் சமைத்தால் அந்தப் பசியை என்னால் புரிந்துகொள்ள முடியும். அந்த மீனைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

*

என் மாணவியோடு இதையெல்லாம் தொலைபேசியில் இரண்டு மூன்று நாள் பேசினேன். அவள் சளைக்கவில்லை. “நீங்க மீன் சாப்பிடறீங்களேம்மா, வலையில மூச்சு முட்டிச் சாகற மீனுக்கு வலிக்காதா?” என்றாள். வலிக்கும். வலையைவிடத் தூண்டில் கொடியது என்று நான் சொல்லவில்லை. எனக்கு ஊட்டம் தேவை, அதற்கு ஓர் உயிர் போகிறது, அதைத் தெரிந்துதான் தின்கிறேன். கொல்லவில்லை என்று எனக்கு நானே சான்றிதழ் எழுதிக்கொள்வதில்லை.

அவளுக்கு நான் சொன்னதை இங்கேயும் சுருக்கமாகச் சொல்கிறேன். பசிக்குப் பிடிப்பவரிடம், மீன் இருக்கும் நீரில் அளவோடு பிடிப்பவரிடம் நமக்குப் பேச ஒன்றும் இல்லை, வைத்துக்கொள்ளட்டும். மீன் அருகிப்போன நீரில் தவறிச் சிக்கியதை விடுவது கடமை. அது கருணை அல்ல, ஆகவே கை நனைத்து, படம் எடுக்காமல், உடனே விட வேண்டும். ஆற்றைக் காப்பதற்காக, எண்ணிக்கை எடுப்பதற்காக, காலிபோரில் நடந்ததுபோலப் பிடித்து விடுவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது; அந்த நியாயம் பதிவேட்டில் இருக்கிறது, புன்னகையில் இல்லை. இவை எதுவும் இல்லாமல் மகிழ்ச்சிக்காக மட்டும் பிடிக்கிறோம் என்றால், அப்படியே சொல்வோம். மகிழ்ச்சிக்காக ஓர் உயிரைச் சிறிது நேரம் துன்பப்படுத்துகிறேன், பிறகு விடுகிறேன் என்று. அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தபிறகும் ஒருவருக்குத் தூண்டில் வீசத் தோன்றினால் அது அவர் முடிவு. வைத்துக்கொள்வதா விடுவதா என்று மீன் கைக்கு வந்தபிறகு கேட்கிறோம். தூண்டிலை வீசுவதற்கு முன் கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் வேறாக இருக்கும்.

வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னது, நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. “மீன் சிக்கறதுகூட எனக்கு அவ்வளவு முக்கியமில்லம்மா. தக்கையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன் பாருங்க, அதுக்காகத்தான் போறேன். ஆனா தூண்டில் இல்லாம அங்க போய் உக்காந்தா என்னை யாரும் உக்கார விடமாட்டாங்க. அஞ்சு நிமிஷத்துல ஒருத்தன் வந்து கேப்பான். கையில தூண்டில் இருந்தா, ஏதோ வேலையா இருக்கா போலன்னு போயிடறாங்க.”

அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. ஒரு பெண் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க ஒரு மீனின் வாய் கிழிய வேண்டியிருக்கிறது என்றால், அந்த மீனுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள் மட்டும் அல்லள். கரையில் உட்கார்ந்திருப்பவளிடம் காரணம் கேட்கிற ஒவ்வொருவரும் அந்தக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்திருக்கிறார்கள்.

அடுத்த மாதம் நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தூண்டிலைக் கொண்டு வருவாளா என்று கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாற்பதைத் தாண்டிய ஒருத்தியும் முப்பதை நெருங்குகிற ஒருத்தியும் கையில் ஒன்றும் இல்லாமல் ஒரு கரையில் அரை நாள் உட்கார்ந்திருந்தால் யார் வந்து என்ன கேட்பார்கள் என்று பார்க்க வேண்டும். கேட்டால் என்ன சொல்வது என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன். சும்மாதான் என்று சொல்லலாம்.